சம்பந்தியை மரத்துல கட்டலாமா?

கால்ல பட்டுருச்சா தம்பி? அடடா, மன்னிச்சுக்கங்க. இது பை இல்ல, பாறாங்கல்லு. உள்ள பூராம் இரும்பும் கயிறும். இந்தா, என் பக்கமாச் சாச்சுக்கிறேன். வேணும்னா காலைத் தூக்கிப் பை மேலயே வச்சுக்கங்க... ஐயையோ, வேணாம் வேணாம், எடுங்க எடுங்க! உள்ள கயிறு இருக்கு. கயித்த மிதிக்கக் கூடாது. மொதப் பாடமே அதுதான்.

பூட்டைப் பாக்குறீங்களா? மீட்டர் பொட்டிக்குப் போடுற பூட்டு. முப்பத்திரெண்டு வருசம் மின்வாரியம் தம்பி. லைன்மேனாச் சேந்து போர்மேனா ரிட்டயர்டு ஆனேன். பேரு தவமணி. இந்தப் பூட்டை ஒடைக்க இன்னொருத்தன் பொறந்து வரணும். சாவியா? சாவி இங்க, அரைஞாண்கயித்துல கெடக்கு. பத்திரமா.

அந்தா முன்னாடி, ஜன்னலோரமா, ஒல்லியா, பேப்பரை நாலா மடிச்சுப் படிச்சுக்கிட்டு ஒருத்தர் ஒக்காந்திருக்காருல்ல? அவருதான் என் சம்பந்தி, சோலையப்பன். என் மாப்பிள்ளையோட அப்பா. ஹைஸ்கூல் எச்செம்மா, தலைமை வாத்தியாரா இருந்தவரு. சேந்தாப்புல சீட்டுக் கெடைக்கல. நல்லதாப் போச்சு, இல்லைன்னா இதையெல்லாம் உங்ககிட்டச் சொல்ல முடியுமா? எங்க ரெண்டு பேரு வயசையும் கூட்டுனா நூத்தி இருவத்தொண்ணு. நாங்க எங்க போறோம்னு சொல்லுங்க பாப்போம். கோயிலுக்கா? இல்ல. எழவு வீடா? சே, வாயைக் கழுவுங்க. பாறை ஏறப் போறோம் தம்பி! கூகைப்பாறை!

சிரிங்க, சிரிங்க. எம் பொண்டாட்டி செல்லத்தாயி பதினோரு நாள் சிரிச்சா. பன்னெண்டாம் நாள், கயிறு பிடிச்சுப் பாறையில ஒரசுன என் முழங்கையப் பாத்துட்டு மஞ்சப்பத்துப் போட்டா. அதுக்கப்பறம் அவ சிரிக்கல, நான் சிரிக்க ஆரம்பிச்சேன். இன்னும் நிப்பாட்டல.

சும்மா கையையும் காலையும் வச்சு ஏறுறது ஒரு வகை. அதெல்லாம் சின்னஞ்சிறுசுகளுக்கு. எங்களது வேற. பிடிக்க எடமே இல்லாத செங்குத்துப் பாறை. ஒரே ஒரு விரிசல் மட்டும் கோடு போட்ட மாதிரி மேல ஓடும். அந்த விரிசல்ல ஒரு ஆப்பைச் சொருகணும். வெறகு பொளக்குற ஆப்பு இருக்குல்ல, அதே சாதிதான், ஆனா வெரல் நீளம், வாலுல ஒரு கம்பி. சொருகிட்டு ஒரு குலுக்குக் குலுக்கிப் பாக்கணும். நிக்குதா? நின்னா அதுல துணிப்பட்டையில தச்ச ஏணியை மாட்டி, ஏறி நிக்கணும். நின்னுக்கிட்டே அடுத்த ஆப்பு. அடுத்த ஏணி. விரிசல் மூடிக்கிட்ட எடத்துல ஒரு கொக்கி. அதைப் பாறை விளிம்புல சும்மா தொங்கவிட்டு, சாமியக் கும்பிட்டு, அது மேலயே நிக்க வேண்டியது. கீழ ஒருத்தர் நம்ம கயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. நாம விழுந்தா அவருதான் உசுரு. ஒரு மணி நேரத்துல எத்தனை அடி ஏறுவோம்னு நெனைக்கிறீங்க? மொத நாள் நாலடி. அதுல ஒண்ணரை அடி நாங்க எக்கிப் பிடிச்சது.

முறுக்கு எடுத்துக்கங்க. அட, எடுங்க தம்பி. சம்பந்தி வீட்டு முறுக்கு.

இதெல்லாம் யாருதுன்னா, எம் பொண்ணு முத்தரசியோடது. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே பாறைப் பைத்தியம். மாப்பிள்ளை நம்பி அவளுக்குக் கயிறு பிடிக்கப் போயித்தான் கல்யாணமே ஆச்சு. அது தனிக் கதை. போன வருசம் பிள்ளை உண்டானா. மொதப் பிரசவம் எங்க வீட்டுல. பேத்தி பொறந்தா. பொறந்து மூணாம் மாசம் வடக்கருந்து ஒரு லெட்டரு. மலைப் பக்கம் ஏறுறதுக்குக் கத்துக் குடுக்குற முகாமாம். இவளைக் கத்துக் குடுக்குறவளாக் கூப்பிடுறாங்க. முப்பது நாளு. பிள்ளையையும் தூக்கிட்டு வாங்க, எடம் இருக்குங்குறாங்க. எம் பொண்ணு அந்த லெட்டரைத் தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்குனா தம்பி. நான் பாத்தேன்.

அப்பத்தான் மாப்பிள்ளை வீட்டுல முட்டுக்கட்டை. கல்யாணம் ஆன பொண்ணு, முடிவு அவுக வீட்டு முடிவு. நான் யாரு சொல்றதுக்கு? நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'பிள்ளை பெத்தவ பாறையில போய்த் தொங்குனா அதுக்கப்பறம் எம் மூஞ்சியில முழிக்காத'ன்னேன். அது பாசத்துல சொல்றது. எந்த அப்பனும் சொல்லுவான். சொல்லிட்டு, பையைப் பூட்டி, நானே பஸ்ல தூக்கிட்டுப் போயி சம்பந்தி வீட்டுல வச்சுட்டு வந்தேன். அவ பொருளு அவ புருசன் வீட்டுல இருக்குறதுதானே மொறை?

அதுலருந்து பொண்ணு பேசுறதில்ல. மூணாம் மாசம் முடிஞ்சு அவுக வீட்டுக்குப் போயிட்டா. போன் பண்ணுவா. 'சாப்டீங்களாப்பா?' 'சாப்டேம்மா.' அவ்ளோதான். 'அம்மாகிட்டக் குடுங்க'ம்பா. எனக்கு மனசே கேக்கல. புகுந்த வீட்டுல என்ன நெருக்கடியோ, அப்பன்கிட்டச் சொல்ல முடியாமத் தவிக்கிறாளேன்னு ராத்திரி பகலா இதே நெனப்பு. செல்லத்தாயிகிட்டச் சொன்னேன். அவ என்னைய மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தா. 'போய் சம்பந்தியப் பாருங்க. அவராவது ஒங்களுக்குப் புரியிற மாதிரிப் பேசுவாரு'ன்னா. அவளுக்கு எதையும் நேராச் சொல்ல வராது.

போனேன். வாழைத்தாரோட போனேன். ஆனா எப்பிடிக் கேக்குறது? சம்பந்தி மொறைன்னா உங்களுக்குத் தெரியாததா. பொண்ணக் குடுத்தவன் நான். அவரு ஒக்காராம நான் ஒக்காரக் கூடாது. அவரு எலையில கை வைக்காம நான் வைக்கக் கூடாது. அவரு தப்பாவே சொன்னாலும் 'அதுவும் சரிதான் சம்பந்தி'ங்கணும். 'எம் பொண்ண விடுங்க'ன்னு வாயைத் தொறந்து கேட்டுற முடியுமா? மூலையில இருந்த பையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். கண்ணாலயே பேசுனேன்னு வச்சுக்கங்களேன். அரை மணி நேரம் கழிச்சு அவரே கேக்குறாரு: "சம்பந்தி, அந்தப் பையில அப்படி என்னதான் இருக்கு? திறந்து பார்ப்போமா? சாவி உங்ககிட்டத்தானே இருக்கு?"

விழுந்துட்டாரு பாத்தீங்களா! வாயைத் தொறக்காமயே விழுக்காட்டிட்டேன். அப்பவே மனசுல கணக்குப் போட்டுட்டேன். இந்த மனுசனுக்குப் பாறைப் பைத்தியத்தை ஏத்தி விட்டுட்டா, அப்பறம் மருமகளைப் போகாதன்னு எந்த வாயால சொல்லுவாரு? "ஒரு நாள் நேர்ல போய்த்தான் பாப்பமே சம்பந்தி"ன்னு அவருதான் சொன்னாரு. ஆனா சொல்ல வச்சது யாரு?

ஞாயித்துக்கெழமை காலையில கூகைப்பாறை. சம்பந்தி ஒரு நோட்டுக் கொண்டாந்திருந்தாரு. அதுல படம் போட்டு, ஒண்ணாம் நம்பர் ஆப்பு, ரெண்டாம் நம்பர் ஆப்புன்னு வரிசையா எழுதியிருந்துச்சு. முத்தரசி கையெழுத்து மாதிரியே இருந்துச்சு. எங்கிருந்து கெடைச்சதுன்னா, "வீட்டில் கிடந்தது"ன்னாரு. அவருக்குப் பயம் வந்தா செந்தமிழ் வந்துரும். அது எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

மொதல்ல யாரு ஏறுறது? "நீங்க ஏறுங்க சம்பந்தி." "சேச்சே, நீங்க ஏறுங்க சம்பந்தி." முக்கா மணி நேரம் இதுலயே போச்சு. நான் ஏற மாட்டேன்னுட்டேன். எப்பிடி ஏறுவேன்? நான் மேல போனா எங்காலு எங்க இருக்கும்? அவரு தலைக்கு மேல! மாப்பிள்ளையப் பெத்தவரு தலைக்கு மேல பொண்ணப் பெத்தவன் காலா? எங்க வம்சத்துலயே கெடையாது. அதனால அவரையே ஏத்திவிட்டுட்டு நான் கயித்தப் புடிச்சேன். நான் தொண்ணூத்தெட்டுக் கிலோ. அவரு அம்பத்தேழு. அவரு விழுந்தா எனக்கு ஒரு பலகாரப் பொட்டலம் தொங்குற மாதிரி. அப்ப அது எனக்கு ஒறைக்கல, பின்னாடி ஒறைச்சுச்சு, இருங்க சொல்றேன்.

நோட்டுல ஒத்தைச் சொல்லாத்தான் கத்தணும்னு எழுதியிருக்கு. கயிறு வேணும்னா 'விடு!' இழுத்துப் பிடிக்கணும்னா 'இறுக்கு!' அவரு எட்டடி ஒசரத்துல ஒரு ஏணியில நின்னுக்கிட்டுச் சொல்றாரு: "சம்பந்தி, தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், கயிற்றைச் சற்று..." அந்தச் 'சற்று' முடியுறதுக்குள்ள ஆப்புப் பிடுங்கிக்கிச்சு. தொங்குறாரு. நான் கீழருந்து, "ஐயோ, மன்னிச்சுக்கங்க சம்பந்தி, இறுக்கவா விடவான்னு தெளிவாச் சொல்லியிருக்கலாமே"ன்னா, "உங்களை எப்படி ஒருமையில் விளிப்பது?"ங்குறாரு. தொங்கிக்கிட்டே தம்பி!

இந்தக் கூத்தைப் பாக்க ஒரு ஆளு வந்துச்சு. இருளாயின்னு ஒரு அம்மா, ஆடு மேய்க்க. என் காக்கிச் சட்டையையும் ஹெல்மெட்டையும் பாத்துட்டு, "என்னண்ணே, கரண்டுக் கம்பி இழுக்கப் போறீகளா?"ன்னுச்சு. இல்லம்மா, மேல போறோம். "மேல போறதுக்குப் பின்னாடி படி இருக்கே? கைப்பிடிகூடப் போட்டிருக்காக." எச்செம்மு மேலருந்து சொல்றாரு: "அம்மா, எங்கள் நோக்கம் மேலே செல்வதன்று." "அப்ப எதுக்கு மேல போறீக?" அவரு என்னையப் பாக்குறாரு. நான் கயித்தைப் பாக்குறேன். இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தம்மா ஒக்காந்துருச்சு. அதுலருந்து வாரா வாரம் ஆட்டை இந்தப் பக்கமே ஓட்டிட்டு வரும்.

ஆனா பாருங்க, இது பிடிச்சுக்கிச்சு தம்பி. ரெண்டாம் வாரம் மணிக்கு ஏழடி, மூணாம் வாரம் பதிமூணடி. வீட்டுல இருக்கும்போது சொவத்துல விரிசலைப் பாத்தா இதுல எந்த நம்பர் நிக்கும்னு கை தானாப் போகுது. கறி கொழம்புல எலும்பைக் கையில வச்சு நாலாம் நம்பர் சைசுங்குறேன். செல்லத்தாயி தலையில அடிச்சுக்கிட்டா. ரிட்டயர்டு ஆன ரெண்டு வருசமா வீட்டுல ஒரு சுவிட்ச் போர்டு விடாமக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தேன். அதையெல்லாம் மறந்தே போனேன். சம்பந்தியும் அப்பிடித்தான். கொக்கியில மொதமொத ஏறி நின்ன அன்னைக்கு, அம்பத்தேழு கிலோ மனுசன், சின்னப் பிள்ளை மாதிரி "நிக்குது! நிக்குது!"ன்னு கத்துறாரு. இருளாயி கை தட்டுது. நான் மனசுக்குள்ள, ஆளு ஊறிட்டாரு, இன்னும் ரெண்டு வாரந்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒண்ணு மட்டும் எனக்கு அதிசயமா இருந்துச்சு. ஏறுறதுக்கு முன்னாடி வாராவாரம் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமாப் போயி போன் பேசுவாரு. "ம்... சரிம்மா... விரிசல் மேலே குறுகுதும்மா... அப்போ மூணாம் நம்பரா? சரிம்மா." சம்பந்தியம்மாவுக்குப் பாறையப் பத்தி இவ்ளோ தெரியுமான்னு அசந்து போனேன். அடுப்படியில இருந்துக்கிட்டே ஆப்பு நம்பரைச் சொல்றாங்களே! மறுவாட்டிப் பாத்தப்ப ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவுக ஒண்ணும் புரியாம இன்னும் ரெண்டு முறுக்கு வச்சாங்க.

இப்ப ஏழாம் வாரத்துக்கு வர்றேன். நல்லாக் கேளுங்க. அந்த முகாம் லெட்டர்ல போட்டிருந்த கெடு வர்ற வெள்ளிக்கெழமை, அதுக்குள்ள பதில் போடணும். ஞாயித்துக்கெழமை விட்டா வேற நாளே இல்ல. இன்னைக்குக் கேட்டே தீரணும்னு கௌம்பிப் போனேன். போனா சம்பந்தி சொல்றாரு, "இன்னைக்கு நீங்கதான் ஏறணும். இல்லைன்னா நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்." காரியம் ஆகணுமே. சரின்னுட்டேன். ஆனா எங்காலு அவரு தலைக்கு மேல வரக் கூடாது. அதனால, "நீங்க அந்தாப்புல தள்ளி, பத்தடி வெலகி நில்லுங்க சம்பந்தி"ன்னேன்.

நோட்டுல என்ன எழுதியிருக்குன்னா, கயிறு பிடிக்கிறவரு பாறையை ஒட்டி நிக்கணுமாம். ஏறுறவரை விட எடை கம்மின்னா, அவரைப் பின்னாடி மரத்தோட சேத்துக் கட்டணுமாம். சம்பந்தி அதை எடுத்து ரெண்டு வாட்டி வாசிச்சாரு. வாசிச்சுட்டு வேப்பமரத்தையும் பாத்தாரு. நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன். பொண்ணு மாமனாரை மரத்துல கட்டிப் போட்டான் தவமணின்னு ஊருல பேசுவாங்களா மாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க. கட்ட மாட்டேன்னுட்டேன். அதுவும் சரிதான் சம்பந்தின்னுட்டாரு. அவருக்கும் அந்த வியாதி ஒட்டிக்கிச்சு.

ஏறுனேன். ஆகா, என்னான்னு சொல்லுவேன். முப்பத்திரெண்டு வருசம் கம்பத்துல ஏறுனவன், ஆனா கம்பம் கம்பந்தான். பாறை வேற. ஆறு ஆப்பு வச்சேன். அஞ்சாவது வைக்கும்போது சம்பந்தி கீழருந்து, "அந்த இடத்தில் ஏழாம் நம்பர்தான் வைக்கணுமாம், சிவப்பு நூல் கட்டினது"ன்னாரு. வச்சேன். கச்சிதமா ஒக்காந்துச்சு. அதுக்கு மேல ஒரு சின்னது. அதுக்கும் மேல கொக்கி. கொக்கியில ஏறி நின்னேன். இருவத்தஞ்சடி. கண்மாய் தெரியுது. பஸ் போறது தெரியுது. ஆடுக பொட்டுப் பொட்டா மேயுது. எனக்குச் சிரிப்புத் தாங்கல. சிரிச்சேன். வயிறு குலுங்கச் சிரிச்சேன். தொண்ணூத்தெட்டுக் கிலோ குலுங்குனா கொக்கி என்ன பண்ணும்?

வழுக்கிருச்சு. அதுக்குக் கீழ இருந்த சின்னது டக்குன்னு வந்துருச்சு. கயிறு விண்ணுன்னு இழுத்துச்சா, சம்பந்தி பத்தடி தள்ளி நிக்கிறாரா, கயிறு பக்கவாட்டுல இழுத்து அடியில இருந்த ஆப்பெல்லாம் டக், டக், டக், டக். நாலும் போச்சு. நான் கீழ வர்றேன். எதிர்த்தாப்புல ஏதோ மேல வருது. என்னான்னு பாத்தா, சம்பந்தி! அம்பத்தேழு கிலோ! மரத்துல கட்டாத சம்பந்தி! காத்துல பறந்து மேல வர்றாரு!

நின்னுட்டோம். பன்னெண்டடி ஒசரத்துல, ரெண்டு பேரும், மூக்குக்கு மூக்கு. ஒரே கயித்துல அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். அவரு இடுப்புல மாட்டியிருந்த, கயித்தப் புடிக்கிற கருவி தானாப் பூட்டிக்கிச்சு. அவரு கண்ணாடி ஒத்தைக் காதுல தொங்குது. மேல ஒரே ஒரு ஆப்பு. அந்தச் சிவப்பு நூல் ஏழாம் நம்பரு. அதுலதான் ரெண்டு குடும்பத்தோட தலைக்கட்டும் தொங்குது.

அப்பத்தான் கத்துனாரு. செந்தமிழ் எல்லாம் எங்க போச்சோ. "டேய் தவமணி! அசையாதடா! சிரிக்காதடா எருமை!"

எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட நாள்லருந்து அந்த மனுசன் என் பேரைச் சொன்னதில்ல தம்பி. 'டா'ங்குறாரு. எருமைங்குறாரு. எனக்குக் கோவம் வரணும்ல? எனக்கு என்னமோ கூடப் படிச்ச கூட்டாளி கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. "நீ மொதல்ல கால ஆட்டாதடா சோலை"ன்னுட்டேன்! மாப்பிள்ளையோட அப்பாவை! வாயில வந்துருச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். அவரு காலும் எங்காலும் ஒரே மட்டத்துல. யாரு தலைக்கு மேலயும் யாரு காலும் இல்ல. அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பிச்சோம் பாருங்க, கயிறே ஆடுது. கீழ இருளாயி, "படி இருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"ங்குது.

அந்நேரம் அவரு சட்டைப் பையில போன் அடிக்கிது. அவரு கை ரெண்டும் கயித்துல. நான்தான் எக்கி, பட்டனை அமுக்குனேன். சம்பந்தியம்மாதான், ஆப்பு நிலவரம் கேக்குறாங்கன்னு நெனச்சேன். பேசுனது முத்தரசி.

"மாமா, ஏழாம் நம்பர் வச்சாச்சா? அது நிக்கும் மாமா, அதைத்தான் நான் நம்புவேன். அப்பா பத்திரமா இருக்காரா? பயப்படுறாரா? அவருக்கு முட்டி வலி உண்டு மாமா, ரொம்ப நேரம் நிக்க விடாதீங்க."

இருங்க தம்பி. கண்ணுல தூசி. இந்த ஜன்னல் மூட மாட்டேங்குது.

அஞ்சு மாசம். 'சாப்டீங்களாப்பா'வுக்கு மேல ஒரு சொல்லு இல்ல. அந்தப் பிள்ளை என் முட்டியக் கேக்குது. அவ சொன்ன ஆப்புல நான் தொங்கிக்கிட்டு இருக்கேன். எனக்கு அழுகை வந்துருச்சு. சிரிச்ச வாய் மூடல, அழுகை வந்துருச்சு. சம்பந்தி என் மூக்குக்கு நேரா மூக்கை வச்சுக்கிட்டு, மெதுவாச் சொல்றாரு: "வெள்ளிக்கிழமை கடைசிடா. பிள்ளை லைன்ல இருக்கு. போகட்டுமா? நீ சொல்லு."

பாத்தீங்களா பெருந்தன்மையை! முடிவு அவரு வீட்டு முடிவு. அவரு போன்னா போகப் போறா. இருந்தும் பொண்ணப் பெத்தவன் வாயால வரட்டும்னு கேக்குறாரு பாருங்க. ஏழு வாரமா நான் போட்ட தூண்டில் அது. அந்தரத்துல தொங்கிக்கிட்டு மாட்டுனாரு.

"போம்மா"ன்னேன்.

அந்தப் பக்கம் போனை மாத்தி வச்சுக்கிற சத்தம். அப்பறம், "யாரு? அப்பாவா? எதுக்கு எதிரொலிக்குது? எங்க இருக்கீங்க?"

"நல்ல இடத்தில்தாம்மா இருக்கோம்"னாரு சம்பந்தி.

"அப்பா, இன்னொருவாட்டிச் சொல்லுங்க."

"போம்மா முத்து. ஏறு. எவ்வளவு வேணும்னாலும் ஏறு. ஆனா கயித்தப் புடிக்கிறவன் எளைச்சவனா இருந்தா மரத்துல கட்டிரு. அவன் எந்த மொறையா இருந்தாலும் சரி, கட்டிரு."

அவ அழுகுறாளா சிரிக்கிறாளான்னு தெரியல. அப்பறம் அவதான் போன்லயே சொல்லிச் சொல்லி, எந்த நெம்புகோலை எப்பிடி அமுக்கணும்னு, ரெண்டு கெழடையும் எறக்கிவிட்டா. மொதல்ல நான். அப்பறம் சம்பந்தி. எறங்குன ஒடனே அவரு போய் வேப்பமரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

இன்னைக்கு அவளே வர்றா! செவ்வாக்கெழமை முகாமுக்குக் கௌம்புறா. அதுக்கு முன்னாடி கை பழகணும்ல. மாப்பிள்ளையும் பேத்தியும் வண்டியில முன்னாடியே போயிருப்பாங்க. கயித்தப் புடிக்கப் போறது நானு. தொண்ணூத்தெட்டுக் கிலோவை எந்தப் பிள்ளையும் தூக்க முடியாது பாருங்க. நான் நின்னா நின்ன எடந்தான்.

என்ன கேட்டீங்க? சத்தமாக் கேளுங்க, டிரைவர் கியரைப் போட்டு அறுக்குறாரு.

போகக் கூடாதுன்னு மொதல்ல சொன்னது யாரா? என்ன தம்பி, இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிக்கிட்டு வர்றேன். மாப்பிள்ளை வீட்டுலதான்.

அவுகள்ல யாரா? மாப்பிள்ளை... சே, மாப்பிள்ளை தங்கம். லீவே போட்டுட்டாரு, கூடப் போறேன்னு. சம்பந்தியம்மா பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை பின்னுனாங்க. அது தீவாளிக்கு முந்தி. ஆமா, லெட்டர் வந்த வாரமே நூல் வாங்குனாங்க. அப்ப சம்பந்தியா இருக்கும். சம்பந்தி என்னைக்குச் சொன்னாரு? அவரு சொல்லலியே. பையை நான் கொண்டுபோய் வச்சப்பகூட, 'எதுக்குச் சம்பந்தி பூட்டு?'ன்னுதான்...

அட.

...இல்ல தம்பி, ஒண்ணுமில்ல. முறுக்கு தொண்டையில. தண்ணி இருக்குங்களா?

எம் மூஞ்சியில முழிக்காதன்னா சொன்னேன்? பாசத்துலதான் சொன்னேன். அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கிட்டு அஞ்சு மாசம் தெனம் எனக்குப் போன் பண்ணி, சாப்டீங்களாப்பான்னு கேட்டிருக்கு.

இந்தா, பாறை தெரியுது பாருங்க. அடியில மஞ்சச் சட்டை தெரியுதா? அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிது. அவதான். நம்மளுக்குத்தான் காத்துக்கிட்டு நிக்கிறா. பை வராம அவ எப்பிடி ஏறுவா?

"டேய் தவமணி! பாறை விலக்கு ஸ்டாப்பு வந்துருச்சு, எறங்குடா!"

வர்றேன்டா சோலை, கத்தாத! தம்பி, ஒரு கை குடுங்க, பையத் தூக்கிக்கிறேன். இருங்க, இருங்க. பிளேடு, கத்தி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? இந்த அரைஞாண்கயித்த அறுத்து விடுங்க. முடிச்சு இறுகிக்கிச்சு, அவுக்க வரல. எறங்குன ஒடனே சாவிய அவ கையில குடுக்கணும்.